சும்மா ஒரு மணித்தியாலம்

அன்பின் அண்ணா,

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். வயது 21. 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற போன் விளையாட்டுக்கு மொட் செய்கிறேன். மொட் என்றால் வந்த விளையாட்டில் வெளியாள் செய்து சேர்க்கும் பாகம்; இதில் நாமே ஒரு வாகனத்தைச் செய்து உள்ளே போட்டு ஓட்டலாம். மட்டக்களப்பு - கல்முனை பஸ் ஒன்றை மூன்று மாதம் பிளெண்டர் என்ற மென்பொருளில் உட்கார்ந்து செய்தேன். முன் கண்ணாடியில் பிள்ளையார் படம், பின்பக்க எழுத்து, கொண்டக்டர் தொங்கும் கம்பி எல்லாம் இருக்கிறது (பஸ் பொடியின் அடிப்படை மட்டும் ஒரு இந்தோனேசிய அண்ணாவின் மொட்டிலிருந்து எடுத்தது). முதலில் சும்மாதான் கொடுத்தேன். யாரோ அதை எடுத்து வட்ஸ்அப் குழுவில் 300 ரூபாவுக்கு விற்றார்கள். அதனால் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, 500 ரூபா என்று வைத்தேன். இப்போது என் கூட்டாளிமாரே என்னைக் 'காசுப் பேய்' என்கிறார்கள்.

காசு கேட்பது பிழையா அண்ணா? எங்கள் ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவிமார் காசா கேட்டார்கள்? கலையை விற்கிறேனே என்று எனக்கே மனம் உறுத்துகிறது. யாரும் விளையாட்டுச் செய்து போடக்கூடிய ரொப்லொக்ஸ் தளத்தின் பக்கம் போனால் கம்பனியே காசு தரும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். போகவா?

(பெயரைப் போட வேண்டாம்)

அன்பின் தம்பி,

வழக்கமாக இப்படியான கடிதங்களுக்கு ஒரு வாரமாவது கழித்துத்தான் பதில் எழுதுவேன். உனக்கு உடனே எழுதுவதற்குக் காரணம் என் மருமகன். போன கிழமை என்னிடம் ரொபக்ஸ், அதாவது ரொப்லொக்ஸுக்குள்ளே செல்லும் காசு, வாங்க ஆயிரம் ரூபா கேட்டான். பத்து வயது. எதற்கடா என்றால், ஏதோ ஒரு விளையாட்டுக்குள்ளே வேகமாக ஓடும் சப்பாத்து வாங்கவாம். அந்த விளையாட்டைச் செய்தது யார் என்று கேட்டேன். "யாரோ ஒரு ஆள்" என்றான். நான் காசு கொடுக்கவில்லை. அவன் மத்தியானம் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அவன் கோபம் இரவுச் சாப்பாட்டோடு போய்விட்டது. அந்த 'யாரோ ஒரு ஆள்' மட்டும் என் மண்டைக்குள் இருந்து இறங்கவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது.

காசு கேட்பது பிழையா? பிழையில்லை. கூட்டாளிமார் திட்டுகிறார்களா? திட்டட்டும். நேற்றுவரை சும்மா கிடைத்தது இன்றைக்குக் காசு என்றால் யார்தான் திட்டமாட்டான்? 2015 ஏப்ரல் 23ஆம் திகதி, வால்வ் கம்பனி தன் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஸ்கைரிம் விளையாட்டின் மொட்டுகளைக் காசுக்கு விற்கலாம் என்று அறிவித்தது. அதுவரை எல்லாம் இலவசம். விளையாடுகிறவர்கள் கொதித்து எழுந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்து வைத்து, 27ஆம் திகதி கம்பனி அதை மீளப் பெற்று, வாங்கியவர்களுக்குக் காசையும் திருப்பிக் கொடுத்தது. ஐந்து நாள் கூத்து. அதை எல்லாரும் 'காசா, சும்மாவா' என்ற சண்டையாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது வேறொரு கணக்கு. விற்ற காசில் கடைக்காரன் வால்வுக்கு 30 வீதம், விளையாட்டைச் செய்த பெதஸ்டாவுக்கு 45 வீதம், ராத்திரி பகலாக உட்கார்ந்து மொட் செய்தவனுக்கு 25 வீதம். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் அண்ணாவியார் விஷயம். எனக்குக் கோபம் வந்தது அந்த வரியில்தான். யார் உனக்குச் சொன்னது அண்ணாவிமார் காசு வாங்கவில்லை என்று? கூத்துப் போடுவதென்று ஊர் முடிவெடுத்தால், வெற்றிலை பாக்கோடு போய்த்தான் அண்ணாவியாரை அழைத்துவருவார்கள். சட்டங்கொடுக்கிற, அதாவது ஆளாளுக்குப் பாட்டைப் பிரித்துக் கொடுக்கிற நாளில் தட்சணை வைக்காமல் எந்தப் பிள்ளையும் தன் பாட்டுக் கொப்பியைக் கையில் வாங்கியதில்லை. அரங்கேற்றம் முடிந்து வீடு வீடாக ஆடப் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் காசு விழும். என் பெரியப்பா வடமோடிக் கூத்தில் தருமனுக்கு ஆடியவர். ஆடிய கூத்துகளைவிட யார் வீட்டில் எவ்வளவு போட்டார்கள் என்பதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாரதக் கதையை ஒரு அண்ணாவியாரும் தனதென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் தான் கட்டிய தருப் பாட்டுக்கும் பழக்கிய தாளத்துக்கும் கை நீட்டி வாங்கினார். வாங்கியது கூத்துக் களரியில் நின்ற எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பழைய ஆட்களைத் துறவிகளாக்கி, அவர்களைக் காட்டி உன்னை நீயே குட்டிக்கொள்வதை முதலில் நிறுத்து.

சரி, ரொப்லொக்ஸ். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்ல வேண்டும்.

2004. போர்நிறுத்த ஒப்பந்தம் நடந்துகொண்டிருந்த காலம். மட்டக்களப்பு டவுனில் ஒரு கேம் சென்டர். பழைய கணினிகள் எட்டு, ஒரு மணித்தியாலம் 40 ரூபா. வெளியே சந்தியில் உண்மையான துவக்கோடு ஆள் நிற்கும்; உள்ளே நாங்கள் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சுட்டுக்கொண்டிருப்போம். அன்றைக்கு அது ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக்கே ஒரு மொட்தான், தெரியுமா? மின் லீ என்ற பல்கலைக்கழக மாணவனும் ஜெஸ் கிளிஃபும் 1999இல் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மேல் கட்டி, சும்மா விட்டது. அடுத்த வருடம் வால்வ் அதை வாங்கிக் கடையில் போட்டது. நாங்கள் விளையாடியது கள்ளக் கொப்பி. ஆகவே இந்தக் கதையில் சுத்தமான ஆள் ஒருவரும் இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்புக் கூட்டாளி ஒருவன் அந்த விளையாட்டுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தையே மேப்பாக, அதாவது ஓடிச் சுடும் களமாகச் செய்தான். அவனிடம் கணினி கிடையாது. இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டிய பிறகு, முதலாளி கணக்குப் பார்க்கிற நேரத்தில், ஒரு மூலையில் உட்கார்ந்து ஹேமர் என்ற மென்பொருளில் சுவர் சுவராகக் கட்டினான். கரண்ட் போனால் அன்றைய வேலை போச்சு. வேப்பமரம் செய்யத் தெரியாமல், பழுப்புப் பெட்டி ஒன்றின் மேல் பச்சைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தான். குண்டு வைக்கும் இடம் இரண்டு: ஒன்று தண்ணீர்த் தாங்கி, மற்றது அதிபரின் அறை.

அது பற்றிக்கொண்ட விதத்தை எப்படிச் சொல்வது? அதிபரின் அறைக்குக் குண்டு வைக்க வரிசையில் நின்றார்கள். வேறு பள்ளிக்கூடப் பொடியன்மாரும் வந்து எங்கள் அதிபருக்குக் குண்டு வைத்தார்கள். இரண்டாம் கிழமை முதலாளி ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: ஸ்கூல் மேப், 50 ரூபா. பத்து ரூபா கூட.

கூட்டாளி தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டான். முதலாளி கெட்டவர் இல்லை. அவன் தோளில் கைபோட்டு, "உனக்குத்தான் மனே நாளைக்கு ஒரு மணித்தியாலம் சும்மா விடுறனே, பிறகென்ன?" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. கணினி அவருடையது. கரண்ட் பில் அவருடையது. இரவில் இடம் கொடுத்தவரும் அவர்தான். 2015இல் வால்வும் பெதஸ்டாவும் சொன்ன நியாயம் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை: கடை எங்களுடையது, வாடிக்கையாளர் எங்களுடையவர்கள், நாங்கள் இல்லாமல் நீ யாருக்கு விற்பாய்?

ஆனால் அந்தச் சும்மா ஒரு மணித்தியாலத்தை வைத்து அவன் என்ன செய்ய முடியும்? தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. கொப்பி வாங்க முடியாது. அந்தக் கதவுக்கு வெளியே அதற்குப் பெறுமதியே இல்லை. அந்தக் கடைக்குள் உட்கார்ந்து, தான் கட்டிய பள்ளிக்கூடத்துக்குள் தானே ஓடலாம். முதலாளிக்கோ அவன் பெயரால் வந்த பத்து ரூபா சந்தையில் செல்லும் காசு.

இப்போது ரொப்லொக்ஸ் கணக்குக்கு வா. பேப்பரும் பேனையும் எடு, விளையாட்டாகச் சொல்லவில்லை. பல வருடங்களாக 800 ரொபக்ஸ் ஏறத்தாழ 10 டொலருக்கு விற்றது. அப்படியென்றால் ஒரு லட்சம் ரொபக்ஸ் வாங்குகிறவன் கட்டுவது சுமார் 1,250 டொலர். அதை முழுக்க உன் விளையாட்டுக்குள்ளே, என் மருமகன் கேட்ட சப்பாத்து மாதிரியான சாமானுக்குச் செலவழிக்கிறான் என்று வை. கம்பனி 30 வீதம் கழிக்கும், உன் கையில் 70,000 ரொபக்ஸ். அதைக் காசாக்கப் போனால், அங்கே விலை வேறு. கம்பனி விற்கும்போது இருந்த விலை, அது திருப்பி வாங்கும்போது இல்லை. ஒரு லட்சத்துக்கு 350 டொலர் என்பதுதான் நெடுங்காலம் இருந்த வீதம். உன் 70,000க்கு 245 டொலர். விளையாடினவன் கட்டியது 1,250, செய்தவன் கையில் 245. ஐந்தில் ஒன்று. 2015இல் ஊர் உலகமே கொதித்த அந்த 25 வீதத்தைவிடக் குறைவு. இதற்கு அப்படி ஒரு கொதிப்பு எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஏனென்று பார். ஸ்கைரிம் கணக்கில் மூன்று பேரின் பங்கும் டொலரில், ஒரே வரியில், எல்லாருக்கும் தெரியும்படி இருந்தது. அதனால் கோபிக்க முடிந்தது. இங்கே நடுவில் ஒரு விளையாட்டுக் காசைச் செருகிவிட்டார்கள். 30 வீதக் கழிவு கண்ணுக்குத் தெரியும், 'பரவாயில்லை, 70 எனக்குத்தானே' என்று தோன்றும். உண்மையான வெட்டு, காசை மாற்றும் இடத்தில் விழுகிறது. அதுவும் குறைந்தது 30,000 ரொபக்ஸ் சேராமல் மாற்றவே முடியாது, 13 வயதுக்குக் குறைந்தவன் கேட்கவும் முடியாது. சேராதவன் என்ன செய்வான்? அங்கேயே செலவழிப்பான். சும்மா ஒரு மணித்தியாலம்.

கம்பனிக்குச் செலவில்லையா என்று கேட்பாய். சேர்வர், அப் கடைகளின் பங்கு, எல்லாம் இருக்கிறது. அதையும் அதே வரியில் எழுதிக் காட்டட்டுமே.

என் தாத்தா படுவான்கரையில் ஒரு போடியாருக்கு, அதாவது வயற்சொந்தக்காரருக்கு, முல்லைக்காரனாக, வயல்கூலியாக இருந்தவர். மாரி முழுக்க வாங்கித் தின்ற கடன் நெல்லைக் களத்திலேயே கழித்துவிட்டுத்தான் அவர் பங்கை அளப்பார்கள். அநியாயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நெல் அளக்கும் மரைக்கால் அவர் கண்ணுக்கு முன்னால் விழுந்து எழும்பியது. கடனை அளந்ததும் கூலியை அளந்ததும் ஒரே மரைக்கால். மிஞ்சிய நெல்லை அவித்துக் குத்திச் சோறாக்கலாம், சந்தையில் விற்கலாம், போடியாரைக் கேட்கத் தேவையில்லை.

அந்த மேப்பின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கூட்டாளி இல்லாத நேரத்தில் அதை இரண்டு ஃப்ளொப்பியில் பிரித்து ஏற்றிக்கொண்டு, ஆரையம்பதியில் புதிதாகத் திறந்த கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். கூலி, மூன்று மணித்தியாலம் சும்மா. ஒரு மாதத்துக்குள் அங்கேயும் மட்டை தொங்கியது. பழைய முதலாளிதான் விற்றிருக்கிறார் என்று நினைத்து, கூட்டாளி அவரோடு நடுக்கடையில் சண்டை போட்டான். நான் பக்கத்தில் நின்று, நானும் சேர்ந்து ஏசினேன். அவர் சத்தியம் பண்ணினார், நாங்கள் நம்பவில்லை. நான் நம்பாததுபோல நின்றேன். அதற்குப் பிறகு அவன் மேப் எதுவும் செய்யவில்லை. இப்போது கட்டாரில் ஏசி திருத்துகிறான். விடுமுறைக்கு வந்தால் என் வீட்டில்தான் முதல் சாப்பாடு. இதை அவனிடம் சொன்னதில்லை.

அதனால்தான் உன் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் நீ ஒளித்து வைத்த வரி என் கண்ணில் குத்தியது. 'பஸ் பொடியின் அடிப்படை மட்டும் ஒரு இந்தோனேசிய அண்ணாவின் மொட்டிலிருந்து எடுத்தது.' மட்டுமாம்! அவரிடம் கேட்டாயா? 300 ரூபாவுக்கு விற்றவனைக் கள்ளன் என்கிறாய். 500 ரூபாவுக்கு நீ விற்பதில் அந்த மனிதனின் பங்கு எங்கே? 2015இல் முதல் நாளே விற்பனைக்கு வந்த ஒரு மீன்பிடி மொட், வேறொருவர் சும்மா கொடுத்திருந்த அசைவுக் கோப்புகளில் தங்கியிருந்தது. சண்டை வந்து, செய்தவரே உடனே அதைத் தூக்க வேண்டியதாயிற்று. அவர் உன்னைவிட நேர்மையான ஆள். கம்பனியிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் போட்டார். நீ யாரிடமும் கேட்கவில்லை.

அவருக்கு இன்றைக்கே எழுது. ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, அவருடையதும் அப்படித்தான் இருக்கும். என்ன கேட்கிறாரோ கொடு. எதுவும் வேண்டாம், பெயரைப் போட்டால் போதும் என்றால் பெயரைப் போடு. பேபாலில் காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்று வருடக்கணக்கில் இருந்த நாடு நம்முடையது. நல்லவேளை, இங்கே அனுப்ப வேண்டியவன் நீ.

கடவுச்சொல் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, எப்படியும் உடைப்பார்கள். ஆனாலும் அது உன் விருப்பம். ரொப்லொக்ஸ் போவதும் உன் விருப்பம், கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டேன்.

500 ரூபா நாளைக்கு அனுப்புகிறேன், வங்கி விபரத்தை எழுது. நேற்று மருமகனின் போனில் யாரோ ஓட்டிய வீடியோவில் உன் பஸ்ஸைப் பார்த்தேன். கல்முனைப் பலகையைப் போட்டுக்கொண்டு ஏதோ ஜாவா ரோட்டில் போகிறது. ஹோர்ன் மட்டும் சரியில்லை. எங்கள் பஸ் அப்படி மெதுவாக அடிக்காது. காத்தான்குடி தாண்டுகிற பஸ் ஒன்றில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, நீயே பதிவுசெய்.