போர்க்காலத்தில் கைதியை வதைத்து விசாரிக்க அரசுக்கு உரிமை உண்டா?
நாட்டைக் காப்பதற்காகப் போர்க்காலத்தில் கைதியை வதைத்து விசாரிப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமில்லை என்பதே என் பதில். நான் வாழும் பத்தாங் காலி, மலேசியாவில் ரப்பர் தோட்டங்களால் வளர்ந்த பட்டணம். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சியில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டின் டிசம்பரில், இங்குள்ள தோட்டமொன்றில் பிரிட்டிஷ் படையினர் ஆண்களைக் குடும்பத்தாரிடமிருந்து பிரித்து, சுடுவதுபோல் மிரட்டி விசாரித்து, ஆயுதமற்ற 24 சீனர்களைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றவர்கள் என்றே அரசு சொன்னது. வலி தாளாதவன் உண்மையை அல்ல, அடிப்பவன் கேட்க விரும்புவதையே சொல்வான். அச்சொல்லை நம்பி இன்னொருவன் பிடிபடுவான். சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, போரையோ அவசரநிலையையோ காரணமாகக் காட்டவே கூடாது என்கிறது. நீதிமன்ற விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரம், அவசரகாலம் 1960இல் முடிந்தபின்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக 2012 வரை இங்கே நீடித்ததால், ‘தற்காலிக நடவடிக்கை’ என்ற வாக்குறுதியை நான் நம்புவதில்லை.