பழைய கார் ரேடியோவில் போன் பாட்டு: ஒயரை வெட்ட விடாதீர்கள்

கேள்வி: என்னுடையது 2007 மாடல் சான்ட்ரோ. கம்பெனி சிடி-ரேடியோ செட் இருக்கிறது. ஆக்ஸ் துளையும் இல்லை, யூஎஸ்பியும் இல்லை. லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போட்டேன். உசிலம்பட்டியில் நன்றாகப் பாடுகிறது. செக்கானூரணி தாண்டி மதுரைக்குள் நுழைந்தால் இரைச்சல், நடுவே வேறு ஸ்டேஷன். கடையில் கேட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போடச் சொல்கிறார்கள். ரேடியோவை மாற்றாமல் வழி உண்டா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உண்டு. ஸ்கிரீன் வேண்டாம்.

உங்கள் டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போகவில்லை. அது ஒரு குட்டி வானொலி நிலையம். காருக்குள் கேட்கிற அளவுக்குத்தான் அதற்குப் பலம். அதே அலைவரிசையிலோ பக்கத்திலோ பெரிய நிலையம் வந்துவிட்டால் ரேடியோ அதைத்தான் பிடிக்கும். மதுரைக்குள் 93.5, 98.3, 106.4 எல்லாம் ஓங்கி ஒலிப்பவை. கொடைக்கானலின் 100.5 மலை மேலிருந்து வருவதால் உங்கள் ஊரிலும் அது பலம்தான்.

காலி இடத்தை உசிலம்பட்டியில் தேடாதீர்கள், மதுரையில் தேடுங்கள். காளவாசல் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை 87.5 முதல் 108 வரை கையால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள். ஆட்டோ சர்ச் வேண்டாம். அது காலி இடத்தைத் தாண்டி ஓடிவிடும். வெறும் 'உஸ்' சத்தம் மட்டும் கேட்டு, இரு பக்கமும் 0.4 வரை எந்தக் குரலும் எட்டாத இடம்தான் உங்களுக்கு வேண்டியது. 88-ஐ ஒட்டி முதலில் பாருங்கள். போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, ரேடியோ வால்யூமைக் குறையுங்கள். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு இரைகிறது என்கிறார்கள். இழுத்து நீட்டும் ஏரியல் என்றால் அதை உள்ளே தள்ளிவிடுங்கள். வெளி நிலையங்கள் மங்கும், உங்கள் பாட்டு தெளியும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙீ' என்று ஏறுகிற சத்தம் வேறு நோய். அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரிலிருந்து வருவது. அலைவரிசையை மாற்றினால் போகாது. சாக்கெட்டில் மலிவான போன் சார்ஜர், டேஷ்கேம் எதுவும் சேர்ந்து இருந்தால் முதலில் அவற்றைப் பிடுங்கிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் ஒயர் வழி எஃப்எம் மாடுலேட்டர் வாங்குங்கள். கடைக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், லாபம் குறைவு. ரேடியோவின் பின்னால் இருக்கும் ஏரியல் பிளக்கைப் பிடுங்கி மாடுலேட்டரில் செருகி, மாடுலேட்டரின் ஒயரை ரேடியோவில் செருக வேண்டும். சுவிட்சைப் போட்டால் வெளி ஏரியல் துண்டாகி, உங்கள் பாட்டு நேராக ரேடியோவுக்குள் போகும். பவருக்கு 12 வோல்ட்டும் எர்த்தும் போதும். போனில் ஹெட்போன் செருகும் 3.5 மிமீ துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று வேண்டும். போன் கம்பெனிகள் துளையை எடுத்துவிட்டு அதையே தனியாக விற்கின்றன. வாங்கித் தொலைக்க வேண்டியதுதான்.

ஒருநாள் இல்லை ஒருநாள் செட்டையே மாற்ற நேரும். அப்போதும் யூஎஸ்பி, ப்ளூடூத் உள்ள சாதாரண சிங்கிள் டின் (ஒற்றை உயர சைஸ்) செட் போதும். டேஷ்போர்டு துளை 180 மிமீ அகலம், 50 மிமீ உயரமா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அதில் 100 மிமீ உயர ஸ்கிரீனைத் திணிக்க டேஷ்போர்டை அறுப்பார்கள். அறுத்தது அறுத்ததுதான். மலிவு ஸ்கிரீன் செட் சாவியை எடுத்த பிறகும் தூங்காமல் பேட்டரியைக் குடிக்கும். ஒரு வாரம் நிறுத்திய வண்டி தள்ளினால்தான் கிளம்பும். அட்டையில் போட்டிருக்கும் '4 x 50 வாட்' பெயருக்குத்தான். உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐசி சிப் தொடர்ந்து தருவது சேனலுக்கு 20 வாட் சுற்றி.

பெரிய ஆபத்து ஒயரிங்கில்தான். சில நூறு ரூபாய்க்கு உங்கள் மாடலுக்கான கப்ளர் கிடைக்கும், வெட்டாமல் செருகலாம். அதை வாங்கச் சோம்பி, கட்டிங் பிளேயரால் கம்பெனி ஒயரை நறுக்கி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றித் தருவார்கள். சித்திரை வெயிலில் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை உருகி வழுக்கி இறங்கும். செம்பு வெளியே வரும். ஒருநாள் வண்டியின் பாடியில் உரசி ஷார்ட் ஆகும். கப்ளர் இல்லாமல் தொடவே கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். பில்லும் கேளுங்கள், பில் இல்லாத 'வாரண்டி' கடைக்காரரின் ஞாபகசக்தியை நம்பியது. புது செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் வண்டியை அணைக்கும்தோறும் ஸ்டேஷன் நினைவெல்லாம் அழியும். மஞ்சளில் இருக்கும் ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் போடுங்கள், செம்புக் கம்பி சுற்றாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கப்ளர் போட்டும் செட் எரிவதுண்டு. புது செட் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் தானே ஓட்டும். அந்த மைனஸ் பாடியில் படக்கூடாது. பழைய அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் ஸ்பீக்கர் மைனஸைப் பாடியில் முடிச்சுப் போட்டு ஒரே ஒயரில் ஓட்டியிருப்பார்கள். சான்ட்ரோவில் அப்படி வராது. ஆனால் உங்களுக்கு முன் வண்டி வைத்திருந்தவர் பின் ஸ்பீக்கரை எவர் கையில் கொடுத்தாரோ! பழைய செட்டைக் கழற்றியதும் மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் 'பீப்'பில் வைத்து, நான்கு ஸ்பீக்கர்களின் இரண்டு ஒயரையும் ஒவ்வொன்றாகப் பாடியோடு தொட்டுப் பாருங்கள். ஒன்றிலாவது 'பீப்' வந்தால், புது செட்டைப் போட்டதும் ஐசி சூடேறிப் போய்விடும். அந்த ஸ்பீக்கருக்குப் புதிதாக இரட்டை ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை இந்தச் சோதனை. செய்து பார்க்கிறவர் அபூர்வம்.

புது செட்டில் செருகும் பென்டிரைவ் 32 ஜிபிக்குள், எஃப்ஏடி32 வகையில் ஃபார்மேட் செய்ததாக, எம்பி3 பாட்டுகளோடு இருக்கட்டும். என்டிஎஃப்எஸ் என்ற வேறு ஃபார்மேட்டில் இருந்தால் செட் 'நோ ஃபைல்' என்று நிற்கும். அதற்காகக் கடையில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.