கேரமல் பாப்கார்ன்: கேளுங்கள், சொல்கிறேன்

நொறுக்குத்தீனி கம்பெனிகளுக்குப் பதினோரு வருடம் லேபிள் எழுதிக் கொடுத்தவள் நான். இனிப்புப் பூச்சு போட்ட பாக்கெட் பாப்கார்ன் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து மாத்திரை என் துறை இல்லை.

ஈரோட்டு ஜிம் தம்பி: பாப்கார்ன் முழுதானியம், நார்ச்சத்து நிறைய என்கிறார்கள். கேரமல் போட்டாலும் சோளம் சோளம்தானே மேடம்?

சோளம்தான் தம்பி, ஆனால் எவ்வளவு சோளம்? எண்ணெய்கூட இல்லாமல் சூடான காற்றில் பொரித்த பாப்கார்ன் 100 கிராமில் நார்ச்சத்து 14 கிராமுக்கு மேல், புரதம் 13 கிராம் போல இருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் கேரமல் பாப்கார்ன் வரிக்கு வாருங்கள்: நார்ச்சத்து 5 கிராம், புரதம் 4 கிராம்கூட இல்லை, சீனி 53 கிராம், கொழுப்பு 13 கிராம். நார்ச்சத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது என்றால் பாக்கெட்டில் சோளமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சீனி 53, கொழுப்பு 13, சோளம் 33 என்று கூட்டிப் பாருங்கள், கணக்கு 100-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சோளம் ஒட்டிய மிட்டாய் என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இவ்வளவு சீனி எப்படி ஏறுகிறது? சீனி, திரவ குளுக்கோஸ், எண்ணெய் அல்லது வெண்ணெய் எல்லாம் சேர்த்துப் பாகு காய்ச்சுவார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், கடலை உருண்டைக்குப் பார்ப்போமே, அந்தப் பதம், 150 டிகிரி செல்சியஸ் பக்கம். அப்போது சமையல் சோடாவைப் போட்டால் பாகு குபுகுபுவென்று பொங்கும். அந்த நுரை அப்படியே இறுகுவதால்தான் பூச்சு பல்லை உடைக்காமல் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. பொரியில் மடிப்பு அதிகம், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பாகு போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: கலோரி எவ்வளவு?

100 கிராமுக்குப் பார்த்தால் பூச்சு இல்லாத வெறும் சோளப் பொரி 387, கேரமல் 431. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும், ஏமாறுகிற இடமே இதுதான். நாம் எடை போட்டா தின்கிறோம்? ஒரு கப் வெறும் பொரி 8 கிராம், 31 கலோரி. அதே கப்பில் கேரமல் பாப்கார்ன் 35 கிராம், 150 கலோரி. கண்ணுக்கு ஒரே அளவு, வயிற்றுக்கு ஐந்து மடங்கு.

பாக்கெட்டைத் திருப்பி "ஒரு பரிமாறல்" என்று எத்தனை கிராம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதை இன்னும் பத்து முறை சொல்லுவேன்.

மதுரை அம்மா: என் பையனுக்கு 2 வயது. கொஞ்சம் கொடுக்கலாமா?

வேண்டாம்மா. சீனி அப்புறம், முதல் பயம் தொண்டையில் அடைப்பது. 4 வயது ஆகும் வரை எந்தப் பாப்கார்னும் வேண்டாம்.

சேலம் வாசகி: வெல்லம் போட்ட பாப்கார்ன் வாங்கலாமா அக்கா? வெள்ளைச் சீனி இல்லை என்று போட்டிருக்கிறான்.

வெல்லமும் பெரும்பாலும் சீனிதான். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு, அதற்காகக் கை நிறைய வெல்லப்பாகு தின்பது நஷ்டக் கணக்கு. பாக்கெட்டைத் திருப்பி, சேர்க்கப்பட்ட சீனி என்ற வரியைப் பாருங்கள். நம் நாட்டு லேபிள் விதியில் அதற்கு ஒரு நாள் கணக்கு 50 கிராம். கேரமல் பாப்கார்ன் 28 கிராம் தின்றாலே 15 கிராம் போய்விடும். 100 கிராம் பாக்கெட்டைச் சினிமா முடிவதற்குள் காலி செய்தால் அன்றைய கணக்கைத் தாண்டிவிட்டீர்கள்.

திண்டுக்கல் கடைக்காரர்: மிட்டாய் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். அதை வைத்துத்தானே 18 சதவீதம் வரி போட்டார்கள்?

வந்துவிட்டது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் உப்பு மசாலா போட்ட பாப்கார்ன் உதிரியாக விற்றால் 5, பாக்கெட்டில் லேபிளோடு விற்றால் 12, கேரமல் என்றால் 18 என்று விளக்கம் கொடுத்தார்கள். சீனி சேர்ந்தால் அது வேறு இனம் என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். நாடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பொருளில் பாதிக்கு மேல் சீனி இருப்பதை வரிக்காரர்களாவது கவனித்தார்களே.

அதே கடைக்காரர்: அப்படியானால் பொரி உருண்டை? கடலை மிட்டாய்? அதற்கு 2017 நவம்பரிலேயே 5 சதவீதம் ஆக்கிவிட்டார்களே. அரிசிப் பொரியில் பாகு ஊற்றினால் 5, சோளப் பொரியில் ஊற்றினால் 18, இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கார்த்திகைக்கு நம் வீட்டில் பிடிக்கிற பொரி உருண்டையும் இதுவும் அண்ணன் தம்பிதான்.

கோவில்பட்டிக்காரன்: கடலை மிட்டாயை இதில் சேர்க்காதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது!

குறியீடு வாங்கியது 2020-ல், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் குறியீடு சீனியைக் குறைக்காது. கடலை மிட்டாய்க்கு ஒரு பலம் உண்டு, நிலக்கடலையில் கால் பங்கு புரதம், அதனால் நாலு துண்டோடு வயிறு போதும் என்கிறது. கேரமல் பாப்கார்னில் அந்தப் போதும் வரவே வராது. சண்டையை இத்தோடு நிறுத்துங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வகைப் பாப்கார்னுக்கும் 5 சதவீதம்தான், அடித்துக்கொள்ளக் காரணமே இல்லை.

பெயர் சொல்ல விரும்பாத இன்னொருவர்: ஒரு பாக்கெட் எத்தனை கலோரி?

மேலே இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்புங்கள்.

நெல்லை அண்ணாச்சி: எனக்குச் சர்க்கரை நோய். சுகர் ஃப்ரீ கேரமல் பாப்கார்ன் என்று ஒன்று பார்த்தேன். அதைத் தின்றால் மாத்திரையைக் குறைக்கலாமா?

மாத்திரையைத் தொடாதீர்கள் அண்ணாச்சி, அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். பாக்கெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சீனிக்குப் பதில் பெரும்பாலும் மால்டிடால் மாதிரி ஒரு மாற்று இனிப்பு இருக்கும். அது ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும், ஏற்றவே ஏற்றாது என்பதில்லை. அதிகம் தின்றால் வயிறு கலக்கும். சோளத்தின் மாவுச்சத்து எங்கும் போய்விடவில்லை, அது அப்படியே உள்ளே இருக்கிறது.

கல்லூரி மாணவி: பொருள் பட்டியலில் முதலில் சோளம்தானே போட்டிருக்கிறார்கள்? எடை அதிகமானதுதானே முதலில் வரும்?

இப்போதுதான் நல்ல கேள்வி. ஆமாம், அதிகமானது முதலில். ஆனால் சீனி, திரவ குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் (சீனியிலிருந்து செய்கிற ஒரு பாகு) என்று இனிப்பை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் சோளத்தை விடக் குறைவாகி, சோளம் தலையில் போய் உட்கார்ந்துவிடும். பொய் ஒன்றும் இல்லை, சட்டப்படி சரி. இப்படிப் பட்டியல்கள் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: நாட்டுச் சர்க்கரை போட்டது என்றால் பரவாயில்லையா?

சேலம் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள் சார்.

புதுக்குடித்தனம்: வீட்டிலேயே செய்தால்?

செய்யுங்கள். 60 கிராம் பாப்கார்ன் சோளம், ஒரு ஸ்பூன் எண்ணெய், அடிகனமான பாத்திரம். பாகுக்கு 25 கிராம் சீனி போதும், நாலு பேர் தின்றால் ஆளுக்கு 6 கிராம். பூச்சு கடையில் வாங்குவது போல முழுக்க மூடாது, அங்கங்கே திட்டுத்திட்டாக ஒட்டும். வெடிக்க ஆரம்பித்ததும் மூடியை ஒரு விரல் அளவு விலக்கி வையுங்கள், ஆவி உள்ளேயே நின்றால் பொரி நமத்துவிடும். வெல்லமும் போடலாம், ஆனால் அதையும் அளந்து போடுங்கள்.