காவல்துறை மானியமும் உங்கள் அபராதச் சீட்டும்

வணக்கம். கலிஃபோர்னியாவில் உங்கள் ஊர்க் காவல்துறை சாலைப் பாதுகாப்பு மானியம் பெற்ற சில வாரங்களில், வரைபடம் பார்க்கக் கைப்பேசியைக் கையில் பிடித்திருந்ததற்காக அபராதச் சீட்டு வந்ததால், மானியத்துக்குக் கணக்குக் காட்டத்தான் உங்களைப் பிடித்தார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் மானியம் அப்படிச் செயல்படுவதில்லை.

1966ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே மத்திய அரசு தரும் நிதியை மாநிலப் போக்குவரத்துப் பாதுகாப்பு அலுவலகம் ஊர்க் காவல்துறைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. காவலர்களின் ஓவர்டைம் சம்பளம் போன்ற செலவுகளைத் துறை முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு உரிய கணக்கைக் காட்டித் திரும்பப் பெறுகிறது. ஆகவே அந்தப் பணம் செய்த செலவுக்கு வருவதே தவிர, எழுதிய சீட்டுகளின் எண்ணிக்கைக்கு வருவதன்று. இத்தனை சீட்டு எழுதியாக வேண்டும் என்று காவலருக்கு இலக்கு விதிப்பதையும் மாநில வாகனச் சட்டத்தின் 41602ஆம் பிரிவு தடைசெய்கிறது.

கூடுதல் ரோந்து இருந்ததால்தான் நீங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். எனினும் அதை வாதமாக வைத்துப் பயனில்லை. கையில் பிடித்தபடி வரைபடம் பார்ப்பதும் குற்றமே என்று 2025 ஜூனில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கைப்பேசி உண்மையில் தாங்கியில் பொருத்தப்பட்டிருந்து, ஒருமுறை தொட்டதோடு நிறுத்தியிருந்தால் மட்டும், நீதிமன்றத்தில் முன்பணம் கட்டி, நேரில் போகாமல் வாதத்தை எழுதி அனுப்பும் எழுத்துமூல விசாரணை கோருங்கள். சீட்டில் உள்ள கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். மானிய ஒப்பந்தத்தைப் பார்க்க விரும்பினால், பொது ஆவணச் சட்டத்தின்கீழ் காவல்துறையிடமே எழுதிக் கேட்கலாம்.