வேடர் இல்லாத ஊர்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். சில ஆண்டுகளாக உங்கள் கட்டுரைகளைப் படித்து வந்தாலும் கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. கேட்கப்போவது சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் இன்றும் மாதத்துக்கு ஒருமுறை தேக்காவில் கூடுகிறோம். கரையோரப் பூந்தோட்டத்தின் மேகக்காட்டில் டைனோசர்களைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் சண்டை மூண்டது. அதே மேகக்காட்டில் முன்பு ‘அவதார்’ கண்காட்சி நடந்ததே, அதுதான் சிறந்தது என்று நான் சொன்னேன். அங்கிருந்து பேச்சு, அந்தப் படத்தின் கற்பனை உலகமான பண்டோராவின் பெயரில் அமெரிக்காவில் டிஸ்னி கட்டிய பூங்காவுக்குத் தாவியது. எங்களில் ஒருவன் ஸ்டார் வார்ஸ் பித்தன். “உலகிலேயே அதிகம் வசூலித்த படம் என்கிறாய், அதன் கதாநாயகன் பெயரைச் சொல் பார்க்கலாம்” என்றான். ‘ஜேக்’ என்றேன். முழுப்பெயர் கேட்டான். மாட்டிக்கொண்டேன். ரசிகனே இல்லாத படத்துக்கு 12 ஏக்கர் எதற்கு என்று சிரித்தான். உங்கள் ஸ்டார் வார்ஸ் பூங்காவைத் திறந்தபோது கருங்கவச வில்லன் டார்த் வேடரையே காணோமே என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். அவன் முகம் மாறிவிட்டது. அன்று பிரியாணிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்றுகூட நினைவில்லை.

எங்களில் யார் சொல்வது சரி? இன்னொன்றும் கேட்க வேண்டும். டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஒர்லாண்டோவில் ஒரு நாள்தான் கிடைக்கும். தொலைக்காட்சியில் அவதார் ஓடியபோது அம்மா பாதியிலேயே தூங்கிவிட்டார். அவரைப் போய் பண்டோராவுக்கு அழைத்துப் போவது வீண்செலவா?

அன்புடன்,
ம., உட்லண்ட்ஸ்

அன்புள்ள ம.,

ஜேக் சல்லி. நானும் தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதனால் உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான். அதை வைத்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

அவரைப் போல் கேட்டவர்கள் ஏராளம். படம் வந்தது 2009 டிசம்பரில். டிஸ்னி இந்தப் பூங்காவை அறிவித்தது 2011 செப்டம்பரில். ஒர்லாண்டோ அருகே டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் கதவு திறந்தது 2017 மே 27 அன்று. இரண்டாவது படமோ 2022 இல்தான் வந்தது. ஆக, பண்டோரா திறந்த நாளில் உலகத்தின் கையில் இருந்தது ஏழரை வயதான ஒரே ஒரு படம். அதற்குள் குழந்தைகள் அந்தப் பொம்மைகளைத் தூக்கிப்போட்டிருந்தார்கள். நீலச்சாயம் பூசிக்கொண்டு திரிந்தவர்களும் ஓய்ந்திருந்தார்கள். பூங்காப் பிரியர்களுக்கு அதைவிடப் பழைய புண் ஒன்றும் இருந்தது. 1998 இல் அனிமல் கிங்டம் திறந்தபோது, புராண விலங்குகளுக்கென்று ஒரு பகுதி வரும் என்று ஆசை காட்டியிருந்தார்கள். பூங்காவின் சின்னத்தில் நிஜ விலங்குகளோடு ஒரு டிராகனும் நிற்கிறது. பகுதி வரவே இல்லை, டிராகன் மட்டும் சின்னத்தில் மிஞ்சியது. தங்கள் டிராகனுக்குப் பதில் வேறு யாருடைய பறக்கும் பிராணியோ வருகிறது என்றால் வயிறு எரியாதா? எரிந்தது. திறப்பதற்கு முன்பே தோல்வி என்று எழுதித் தீர்த்தார்கள். திறந்ததும் சவாரிக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றது.

ஏன் என்று நான் யோசித்த வழியைச் சொல்கிறேன். படம் முடிந்து வெளியே வருகிறவன் எதை விட்டுவிட்டு வருகிறான் என்று பாருங்கள். அவதார் வந்த புதிதில், பண்டோரா என்று ஓர் இடம் நிஜத்தில் இல்லையே என்று மனம் சோர்ந்துபோய் எழுதியவர்களைப் பற்றிச் செய்திகள்கூட வந்தன. ஜேக் இல்லையே என்று யாரும் ஏங்கியதாக நான் படிக்கவில்லை. அவர்கள் ஏங்கியது இருட்டில் ஒளிரும் அந்தக் காட்டுக்கும் மிதக்கும் மலைக்கும். கதாநாயகன் பெயர் மறந்து காடு மட்டும் நினைவில் நிற்கும் படத்தை வைத்துக் காடு கட்டினால் அதில் என்ன குறை? கட்டியவர்கள் இதைப் புரிந்துகொண்டதாகவே தெரிகிறது. அங்கே ஜேக் நின்று கைகுலுக்குவதில்லை. படத்தின் போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது, நீங்கள் சுற்றிப்பார்க்க வந்த பயணி என்று சொல்லிவிடுகிறார்கள். நிஜக் கொடிகளும் செய்த கொடிகளும் பின்னிக் கிடக்கின்றன. மலைகளைத் தாங்கும் எஃகு அந்தக் கொடிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. படத்தின் பறக்கும் பிராணிமேல் ஏறிப்போவதுபோன்ற பறக்கும் சவாரியில், மோட்டார் சைக்கிளில் உட்காருவதுபோல் கால் பரப்பி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் முழங்காலுக்கு நடுவே அந்தப் பிராணி மூச்சுவிடுவது தெரியும். விலா விரிந்து சுருங்கும். அந்த ஒரு கணத்துக்குக் கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் நண்பரின் ஊரில் நடந்தது வேறு. ஸ்டார் வார்ஸ் பூங்கா, கேலக்ஸிஸ் எட்ஜ், 14 ஏக்கர். 2019 இல் முதலில் கலிபோர்னியாவில், பிறகு புளோரிடாவில் திறந்தார்கள். படங்களில் வந்த எந்த ஊரையும் கட்டாமல், பாட்டூ (Batuu) என்று புதிதாக ஒரு கிரகத்தையே உருவாக்கினார்கள். (இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பத்துமலைதான் நினைவுக்கு வந்தது. மலாயில் ‘பத்து’ என்றால் கல் என்று தெரிந்த எவருக்கும் வரும்.) காலத்தையும் ஒரு முளையில் கட்டினார்கள்: 2017 இல் வந்த படத்துக்கும் 2019 இல் வந்த படத்துக்கும் இடைப்பட்ட காலம். அந்தக் கணக்கில் வேடர் செத்துப் பல ஆண்டு ஆகிவிட்டது, ஆகவே வரமாட்டார். பழைய கதாநாயகர்களான லூக்கும் ஹான் சோலோவும்கூட இல்லை. வேலை மட்டும் அபாரம். பெயர்ப்பலகையெல்லாம் அந்தக் கதையுலகத்து எழுத்திலேயே இருக்கிறது. கொக்கோகோலா புட்டிகூட உருண்டை வடிவம். படத்தில் வரும் நீலப்பாலும் விற்கிறார்கள், அதில் இருப்பது தேங்காய்ப்பாலும் அரிசிப்பாலும். ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இத்தனையும் இருந்தும் ரசிகர்களுக்கு உறுத்தியது. ஏன் என்பதை நம் வீட்டு உதாரணத்தில் சொன்னால்தான் விளங்கும். ‘பொன்னியின் செல்வன்’ எப்படித் தொடங்குகிறது? ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் வந்தியத்தேவன். கல்கி இதை எழுதி எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்தக் கரையைப் பார்க்க வண்டி ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன். இப்போது ஜூரோங்கில் யாரோ 14 ஏக்கரில் அந்த ஏரியைக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், கரை, மதகு எல்லாம் அச்சு அசல். கல்வெட்டு எழுத்துகூடப் பிசகவில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் ஒருவர் வந்து சொல்கிறார்: “இது கதை முடிந்து நாற்பது ஆண்டுக்குப் பிந்தைய காலம். வந்தியத்தேவன் இல்லை, குந்தவை இல்லை, ஆழ்வார்க்கடியான் காலமாகிவிட்டார். இதோ, இவர் புதிய மிளகு வியாபாரி, இவரிடம் பேசுங்கள்.” நான் அந்த மிளகு வியாபாரியிடம் டிக்கெட் காசைத்தான் திருப்பிக் கேட்பேன். ஏரிக்கரையில் நான் தேடுவது குளம்படிச் சத்தத்தை. தண்ணீர் பார்க்க வேண்டுமானால் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கட்டணமும் இல்லை.

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் விட்டுவிட்டு வந்தது ஆட்களை. வேடர் என்ற அப்பனுக்கும் லூக் என்ற மகனுக்கும் நடந்த சண்டையை, இளவரசி லேயாவின் வாய்த்துடுக்கை, ஹான் சோலோவின் கடனை. அவர்களுக்கு ஊரை மட்டும் கொடுத்தால் எப்படிப் போதும்? பிறகு நிர்வாகத்துக்கும் இது உறைத்திருக்கிறது. கலிபோர்னியப் பூங்காவில் அந்தக் காலக்கட்டை அவிழ்த்து, 2026 இலிருந்து வேடர், லூக், லேயா, ஹான் ஆகியோரைக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். ஆக, உங்கள் நண்பரின் முகம் மாறியதற்குக் காரணம் இருக்கிறது. சுடுசொல்லை எறிந்தது நீங்கள்தான், ஒரு தேநீராவது வாங்கிக் கொடுங்கள்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. கதைக்குள்ளேயே குடியேற விரும்புகிறவர்களுக்காக விண்கலம்போல் ஒரு விடுதி கட்டினார்கள். இரண்டு இரவுக்கு இருவருக்கு ஏறத்தாழ 4,800 அமெரிக்க டாலர். 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடினார்கள். போய் வந்தவர்களில் பலர் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அவ்வளவு காசு கொடுத்துப் போகிறவர்கள் எத்தனை பேர்?

ரசிகனே இல்லாத படத்துக்கு இடம் எதற்கு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இதற்கு நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை, பாசிர் பாஞ்சாங் போதும். ஹாவ் பார் வில்லாவுக்கு உங்கள் தலைமுறை போயிருக்கிறதா? டைகர் பாம் தைலம் விற்ற ஆவ் பூன் ஹாவ் 1937 இல் கட்டிய தோட்டம். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா அழைத்துப்போனார். அங்கிருந்த சீனக் கதைகளில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டு நடக்கிற மனிதரும் இல்லை. நரகத்தின் பத்து நீதிமன்றங்களைக் கருட புராணத்தை வைத்து ஒப்பேற்றினார். மேசைக்குப் பின்னால் தாடியோடு உட்கார்ந்திருந்தவரை எமதர்மன் என்றார், பக்கத்தில் ஏடு வைத்திருந்தவர் சித்திரகுப்தன் ஆனார். வெளியே குரங்கு முகத்தோடு நின்றவரைக் காட்டி “அனுமார்” என்று தயங்காமல் சொன்னார். அடுத்ததாகப் பன்றி முகத்தோடு ஒருவர் நின்றார். “வராக அவதாரம்” என்று ஆரம்பித்தவர், அந்தத் தொப்பையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். தேர்வில் காப்பியடித்தவனுக்குக் குடலை உருவுகிறார்கள் என்று அங்கே எழுதியிருந்ததை மட்டும் ஆங்கிலத்தில் தானே படித்து, எனக்கு இரண்டு முறை சொன்னார். தொடக்கநிலை ஆறு வரைக்கும் அடுத்தவள் தாளை நான் எட்டிப் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் அந்தக் கதைகளுக்கு ரசிகர்களா? இல்லை. இடம் எங்களைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்பா தன் கதையைச் சொல்லிக்கொள்ள அங்கே இடமும் இருந்தது. அதே தோட்டத்தை 1990 இல் டிராகன் உலகம் என்று மாற்றி, நுழைவுக்கட்டணம் வைத்து, படகுச் சவாரியெல்லாம் விட்டார்கள். கூட்டம் குறைந்து நட்டப்பட்டு, 2001 இல் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. சிலைகள் அப்படியேதான் இருந்தன. செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் இருக்கும் அறிவியல் புனைகதை நகரப் பகுதியைப் (Sci-Fi City) பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். அங்கே சவாரிகள் நல்ல சவாரிகள்தான். ஆனால் ஏறி இறங்கியதும் வேலை முடிந்துவிடுகிறது, நின்று பார்க்க ஒன்றும் இல்லை.

இனி உங்கள் அம்மா. கட்டாயம் அழைத்துப் போங்கள். பறக்கும் சவாரியில் மட்டும் ஏற்ற வேண்டாம். முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும், முதுகையும் காலையும் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும், மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. ஆற்றுப் படகில் உட்கார வையுங்கள். மெதுவாகப் போகும், ஐந்து நிமிடம்கூட இல்லை. முடிவில் இயந்திரத்தால் இயங்கும் நீலநிறப் பூசாரிப் பெண் ஒருத்தி பாடுவாள். அவள் கை அசைவதைப் பார்த்து உங்கள் அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருங்கள். டிசம்பரில் அங்கே சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால், வேறெங்கும் ஓடாமல் மாலையில் பண்டோராவிலேயே இருங்கள். தரை ஒளிரத் தொடங்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் அம்மாதான் காரணம். மேகக்காட்டில் நீங்கள் பார்த்த அதே அவதார் கண்காட்சிக்கு அவரை அழைத்துப் போனேன். அப்போது அவருக்கு 78 வயது. படத்தைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. அருவியின் சாரலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செடியாக இலையைக் கசக்கி முகர்ந்தார். தொடக்கூடாது என்று சொன்னால் கேட்டால்தானே? வாசனை வந்தால் நிஜம், வராவிட்டால் படத்துச் செடி என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் நிஜமான பெகோனியா ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டு, விளக்கு வைத்த பிளாஸ்டிக் பூ ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் ஒரு சீனப் பையன் தன் பாட்டிக்கு அது என்ன கிரகம், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டியும் காதில் வாங்காமல் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன், அந்த இடத்தில் இப்போது நீலப் பிராணிகள் இல்லை, டைனோசர்கள் வந்திருக்கின்றன என்று.

“வரட்டும். மலையை எடுத்துவிடவில்லையே?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். சனிக்கிழமை போகிறோம்.

அன்புடன்,
அக்கா