பழைய ஜீப்புக்கு பிரேக்: டிரம்மா, டிஸ்கா?

எம்.எம்.540, மேஜர், கமாண்டர் என்று பழைய மஹிந்திரா வண்டி வைத்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் கேட்ட கேள்விகளும் பதில்களும். டிரம் என்றால் வீலோடு சுற்றும் கிண்ணத்தின் உள்பக்கத்தை, லைனர் என்ற உரசும் பட்டை ஒட்டிய ஷூ அழுத்துவது. டிஸ்க் என்றால் சுற்றும் தட்டைக் காலிப்பர் இரண்டு பேடால் கவ்வுவது.

பென்னாகரம்: அண்ணா, நாலு வீலும் டிரம். முன்னாடி மட்டும் டிஸ்க் போட்டுட்டா போதுமா?

போதாது தம்பி. டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர் (மிதித்தால் பிரேக் ஆயிலை வீலுக்குத் தள்ளுவது), பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுப்பது) மூன்றும் ஒரே வண்டியின் செட்டாக வரணும். டிரம் பிரேக் மாஸ்டரின் வாயில் பெரும்பாலும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் பாதகமில்லை. காலிப்பரில் அந்த ஸ்பிரிங் கிடையாது. பேட் உரசிக்கொண்டே ஓடி, வீலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். காலிப்பர் பிஸ்டனும் பெரியது. பழைய மாஸ்டர் தள்ளும் ஆயில் அதற்குப் பற்றாது, பெடல் தரைக்குப் போகும்.

இரண்டு அறை மாஸ்டரே போடுங்கள். ஒற்றை அறையில் ஒரு பைப் வெடித்தால் நாலு வீலும் போச்சு. இரண்டு அறையில் பாதி பிரேக்காவது மிஞ்சும். வாங்குமுன் ரிம்மை மாட்டி ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், காலிப்பர் இடிக்கக் கூடாது.

பாலக்கோடு: டிஸ்க், பூஸ்டர் எல்லாம் மாட்டியாச்சு. பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கல.

பூஸ்டரை இயக்கும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுவை) வரவில்லை. பெட்ரோல் எஞ்சினில் அது காற்று உள்ளே போகும் இன்டேக்கிலிருந்தே கிடைக்கும். டீசலில் கிடைக்காது, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்புறம் சேர்ந்தே வரும். சோதிக்க: எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும் வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பம்ப், ஹோஸ், ஒருவழி வால்வு என்ற வரிசையில் பாருங்கள். டிரம்மில் சக்கரச் சுழற்சியே ஷூவை இழுத்து அழுத்தும். டிஸ்கில் அந்த உதவி இல்லாததால் பூஸ்டர் கட்டாயம்.

நல்லம்பள்ளி: சேலம் பக்கமா தொப்பூர் இறங்கும்போது பாதியில பிரேக் குறையுது. லைனர் புதுசுதான்.

பெடல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் லைனர் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. கழற்றினால் முகம் கண்ணாடி போல் மின்னும். பெடல் பஞ்சு போல் அமுங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர ஆயில் புதிதாக 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். டாட் 4 போட்டால் 230, ஈரம் ஏறினால் 155. டிகாஷன் நிறத்துக்கு வந்த ஆயிலை யோசிக்காமல் மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. டாட் 5 சிலிக்கான் ஆயில், இவற்றோடு கலக்கவே கூடாது. எந்த ஆயில் போட்டாலும் ஏறும் கியரிலேயே இறங்குங்கள்.

அஞ்செட்டி: ஏர் எடுத்து எடுத்துக் கை ஓய்ஞ்சு போச்சு. இன்னும் பெடல் அமுங்குது.

காலிப்பரில் நிப்பிள் (ஏரை வெளியே விடும் திருகு) எங்கே இருக்கிறது? மேல்நுனியில் இருக்கணும். இடம் வலம் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வராது. அது சரியென்றால் பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள்: வீல் இறுகும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்தணும். பிறகு பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று மாஸ்டருக்குத் தூரமானதிலிருந்து ஏர் எடுங்கள். மாஸ்டரின் டப்பாவில் ஆயில் வற்றினால் முதலிலிருந்து தொடங்கணும்.

சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பைக் கழுவ பெட்ரோல், டீசல் வேண்டாம், ஊதிவிடும். பிரேக் ஆயிலே போதும்.

தேன்கனிக்கோட்டை: ஓடை தாண்டினா ஒரு பக்கம் இழுக்குது.

டிரம்மில் தண்ணீர். லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காயும். காய்ந்தும் இழுத்தால் டிரம்மைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். கியர் ஆயில் வாடை வந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றி, அந்த ஆக்சிலின் இரண்டு பக்க லைனரையும் சேர்த்து மாற்றுங்கள். ஆயில் குடித்த லைனர் கழுவினாலும் தேறாது.

அரூர்: 31 அங்குல டயர் போட்டிருக்கேன். பின்னாடியும் டிஸ்க் மாத்தலாமா?

வேண்டாம். 28 அங்குலத்திலிருந்து 31 போனால் அதே பிரேக்குக்கு ஏறத்தாழ 11 சதவீதம் கூடுதல் வேலை, உண்மைதான். ஆனால் அழுத்தி மிதிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, அங்கேதான் பலம் வேண்டும். பின்னால் டிஸ்க் போட்டால் ஹேண்ட் பிரேக்குக்குத் தனி ஏற்பாடு தேடணும். அழுத்தம் சரியாகப் பிரியாவிட்டால் பின் வீல் முதலில் லாக் ஆகி வண்டி திரும்பிவிடும். பின்னால் டிரம்மையே வைத்து, அதை லேத்தில் கடையுங்கள், அதில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டாமல்.