உப்புத்தாள் போட்டும் உப்பு போகவில்லை: துருப்பிடித்த தொலைநோக்கி டியூபுக்குப் புதுப் பூச்சு

கேள்வி: தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் வானியல் மன்றத்தில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) ஒன்று இருக்கிறது. இரும்புத் தகட்டு டியூப். ஆறு வருடமாக மொட்டை மாடி அறையில் ரெக்சின் உறை போட்டு வைத்திருக்கிறோம். அடி வளையத்தைச் சுற்றியும், கண் வைத்துப் பார்க்கும் வில்லையைப் பொருத்தும் ஃபோகசர் பக்கமும் துரு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. போன வருடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஸ்ப்ரே டப்பா பெயிண்ட் அடித்தோம். நாலே மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்துவிட்டது. பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா, கார் பெயிண்டரிடம் கொடுக்கலாமா? உள்ளே இருக்கும் ஆடிக்கு, அதாவது கண்ணாடிக்கு, ஏதும் ஆகுமா? பிள்ளைகள் கருநீலம் கேட்கிறார்கள்.

பதில்: ‘அதே இடத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு வேண்டிய தகவல் அதுதான். பெயிண்ட் மட்டமாக இருந்திருந்தால் டியூப் முழுக்க அங்கங்கே உரிந்திருக்கும். பழைய புள்ளியிலேயே துரு திரும்ப வந்தால், அங்கே அடியில் உப்பு உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கொப்புளத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும். உள்ளே பழுப்புப் பொடி. அதையும் சுரண்டினால் தகட்டில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள், குழியின் அடியில் மட்டும் கருப்பாக ஒரு பொட்டு. கடல்காற்றில் வந்த உப்பு தங்குவது அந்தப் பொட்டில்தான். உப்புத்தாள் மேட்டைத்தான் தேய்க்கும், குழிக்குள் போகாது. மேலே பளபளவென்று ஆனதும் நாம் ஏமாந்து பெயிண்ட் அடித்துவிடுகிறோம். ஸ்ப்ரே டப்பாவின் மெல்லிய படலம் வழியாக ஈரம் உள்ளே போகும், உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துரு வளரும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் பெயிண்டைத் தூக்கிவிடுகிறது.

உப்பு வந்தது காற்றில். ஈரம் வந்தது உங்கள் உறையில். ராத்திரி வானத்தைப் பார்த்து நிற்கும் டியூப் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால்தான் பக்கத்துச் சுவர் காய்ந்திருக்கும்போதும் டியூப் மேல் பனி முத்து முத்தாக நிற்கிறது. பதினோரு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில் அப்படியே மூடியைப் போட்டு ரெக்சினையும் மாட்டினால், மறுநாள் வெயிலில் மாடி அறை சூடேறும்போது டியூபுக்கு ஜலதோஷக்காரர் போர்வைக்குள் ஆவி பிடிக்கிற கதைதான். இந்தப் பழக்கம் மாறாமல் உலகத்திலேயே உசத்தியான பெயிண்டை அடித்தாலும் பயனில்லை. உறையைப் பருத்தித் துணியாக மாற்றுங்கள். டியூபை உள்ளே கொண்டுவந்ததும் இரண்டு பக்கமும் திறந்து, படுக்கைவாக்கில் வைத்து, ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் விட்டுவிட்டு மூடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஆடிகளைக் கழற்றாமல் உப்புத்தாளைக்கூடக் கையில் எடுக்கக் கூடாது. டியூபைப் படுக்க வைத்து, அடியிலிருக்கும் பெரிய ஆடியை அதன் தாங்கியோடு முதலில் வெளியே எடுங்கள். ஒருவர் திருகைக் கழற்றும்போது இன்னொருவர் தாங்கியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் வாய்ப் பக்கம் இருக்கும் சின்னத் துணை ஆடியை அதற்குப் பிறகு கழற்றுங்கள். இந்த வரிசை மாறினால் மேலிருந்து நழுவும் ஸ்பேனர் எங்கே போய் விழும் என்று உங்களுக்கே தெரியும். வளையமும் தாங்கியும் எந்தக் கோணத்தில் இருந்தன என்பதை மார்க்கரால் குறித்தால் தேய்க்கும்போது அழிந்துவிடும். டியூப் விளிம்பில் அரத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, அதற்கு நேராக வளையத்திலும் ஒன்று போடுங்கள். ஆடிகளைப் பெட்டியில் வைத்து வேறு அறைக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். கண்ணாடி மேல் இருப்பது காகிதத்தைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய அலுமினியப் பூச்சு. ஆசிட் ஆவியும் தேய்க்கும் தூசியும் அதற்கு ஆகாது.

டியூபை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். யாராவது துருவுக்கு மருந்து என்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் (தடவியிருப்பார்கள்) தின்னர் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. எண்ணெய் மிச்சமிருந்தால் பெயிண்ட் அங்கே மீன்கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கும். பிறகு டிரில்லில் மாட்டிய வயர் பிரஷ்ஷால் துருவையும், 80 நம்பர் எமரியால் மற்ற பெயிண்டையும் எடுங்கள். கிரைண்டர் கல் வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் தகடு சூட்டில் நெளிந்துவிடும். துரு உள்ள இடத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், அடுத்த வருடமும் இதே வேலையைச் செய்ய மனமிருந்தால்.

இரும்பு வெளியே தெரிந்ததும் நல்ல தண்ணீரில் மறுபடி கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீர் வாங்குங்கள். நைலான் பிரஷ்ஷால் குழிகளைத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் வைத்து, ஒரு ராத்திரி வெளியே விட்டுவிடுங்கள். காலையில் சில இடங்கள் மட்டும் புள்ளி புள்ளியாகச் சிவந்திருக்கும். அங்கே உப்பு இன்னும் இருக்கிறது. அந்தப் புள்ளிகளை மட்டும் மறுபடி வயர் பிரஷ், மறுபடி தண்ணீர். எனக்கு இது சில சமயம் மூன்று சுற்றுகூட ஆகியிருக்கிறது. அலுப்பான வேலைதான், ஆனால் பூச்சின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது.

கழிவறை ஆசிட்டை ஊற்றித் துருவை எடுக்கலாம் என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரும்பை அரிக்கும் குளோரைடைத்தான் இவ்வளவு நேரம் கழுவினோம், இது அதையே பாட்டிலில் வாங்கி ஊற்றுவதாகும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி பரவாயில்லை. ஆனால் நன்றாக அலசி உலர்த்த வேண்டும், அமில மிச்சத்தின் மேல் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது. துருவைக் கருப்பாக மாற்றித் தரும் திரவங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்த்தவை உண்டு. வேதியியல் புதிது ஒன்றுமில்லை. கலம்காரிக்காரர்கள் கடுக்காய் ஏற்றிய துணியில் வெல்லமும் இரும்பும் ஊறிய நீரைத் தொட்டுக் கருப்பு வாங்குவதும் இதே டானினும் இரும்பும் சேர்ந்துதான். கை எட்டாத மடிப்புகளுக்கு மட்டும் அந்தத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். தடித்த துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும்.

மடிப்பு என்றதும் பவுடர் கோட்டிங் கேள்வி வந்துவிடுகிறது. டியூபின் நீளவாக்கு இணைப்பைத் தடவிப் பாருங்கள். வெல்டிங் செய்து தேய்த்திருக்கிறார்களா, அல்லது இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து அழுத்தியிருக்கிறார்களா? வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1789-ல் முடித்த 40 அடி தொலைநோக்கியின் இரும்புக் குழாயும் ரிவெட் இல்லாமல், அடுப்புப் புகைக்குழாய் செய்பவர்களின் மடிப்பு முறையில்தான் இணைக்கப்பட்டது. பழைய தொழில், நல்ல தொழில். ஆனால் மடிப்புக்குள் போன தண்ணீர் லேசில் வெளியே வராது. பவுடர் கோட்டிங் கடையில் டியூபை எண்ணெய் நீக்கி, ஆசிட், பாஸ்பேட் என்று தொட்டி தொட்டியாக முக்கி எடுத்து, பொடி தூவி, 180 முதல் 200 டிகிரி வரை சூளையில் வைப்பார்கள். மடிப்பில் தங்கிய திரவம் அங்கே கொதித்துப் பொடியைக் குமிழாகத் தள்ளும். ஒருமுறை 6 அங்குல டியூப் ஒன்றை அப்படிக் கொடுத்துவிட்டு, முதுகெலும்பு முழுக்கக் குமிழ் வரிசையோடு திரும்ப வாங்கினேன். கடைக்காரர்மேல் தப்பில்லை, மடிப்பு இருப்பதை நான் சொல்லவில்லை. போதாததற்கு ஃபோகசர் துளையின் உள்விளிம்பிலும் பூச்சு ஏறி, ஃபோகசர் உட்காரவில்லை. அரை நாள் அரம் போட்டேன்.

உங்கள் டியூப் வெல்டிங் இணைப்பாக இருந்தால் பவுடர் கோட்டிங் கொடுக்கலாம். ‘பாலியஸ்டர் பவுடர்’ என்று கேட்டு வாங்குங்கள். எபாக்சி பவுடர் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொடியும். வளையம், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் டியூபாக, துளை விளிம்புகளுக்குச் சூடு தாங்கும் டேப் ஒட்டிக் கொடுங்கள். உள்பக்கமும் பூசச் சொல்லுங்கள். குழாயின் நடுப்பகுதிவரை பொடி சரியாகப் போய்ச் சேராது, வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

மடிப்பு இணைப்பாக இருந்தால், அல்லது எது என்று தெரியாவிட்டால், கார் பெயிண்டர்தான். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர், ஜிங்க் பாஸ்பேட் சேர்த்தது. அதன் மேல் அதே மாதிரி இரண்டு டப்பா கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இதற்கு அடியில் வேண்டாம். பியூ பெயிண்டின் தின்னர் அதைத் தூக்கிச் சுருக்கிவிடும். மஞ்சள் ஜிங்க் குரோமேட்டும் வேண்டாம், புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் அதில் இருக்கிறது. பியூ பெயிண்டின் இரண்டாவது டப்பாவான ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பள்ளியில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடக் கூடாது. தேய்ப்பதும் கழுவுவதும் மன்றத்தின் வேலை, ஸ்ப்ரே பெயிண்டர் வேலை.

அளவு சொல்கிறேன். சுமார் 23 செ.மீ. விட்டம், 1.15 மீட்டர் நீளம் என்றால் வெளிப்பக்கம் மட்டும் 0.83 சதுர மீட்டர். உள்ளும் புறமும் இரண்டு கோட் பிரைமர் என்றால் மூன்றேகால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஸ்ப்ரேயில் பாதி காற்றோடு போனாலும் ஒரு லிட்டர் போதும். மேல் பெயிண்ட் அரை லிட்டர்.

பெயிண்டரிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள். ஸ்ப்ரே பண்ணுவதற்கு முன், டியூபின் இரண்டு வாய் விளிம்புகள், ஒவ்வொரு திருகுத் துளையின் ஓரம், இணைப்புக் கோடு ஆகியவற்றில் அதே பிரைமரைச் சின்ன பிரஷ்ஷால் தொட்டுவிடச் சொல்லுங்கள். ஈரப் பெயிண்ட் கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும், அங்கே படலம் எப்போதும் மெலிந்தே நிற்கும். உங்கள் துரு எங்கே தொடங்கியது? வளையத்து ஓரத்திலும் ஃபோகசர் திருகிலும். அவர் சலித்துக்கொள்வார், ஒரு டீ வாங்கிக் கொடுத்து நில்லுங்கள்.

கடைசியாகத் தேய்த்த அன்றைக்கே பிரைமர் ஏறியாக வேண்டும். தூத்துக்குடிக் காற்றில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது என்பதை மேலே பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே தொடாதீர்கள். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடிப்பது நல்லது. தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலின் கணக்கு.

உள்பக்கத்துக்குப் பிரைமரின் மேல் கரும்பலகை பெயிண்ட். சாதாரணக் கருப்பு நேராகப் பார்த்தால் கருப்பு, சாய்ந்து பார்த்தால் கண்ணாடி. டியூபுக்குள் தெருவிளக்கு வெளிச்சம் சாய்வாகத்தான் வரும். ஃபோகசருக்கு நேர் எதிரே ஒரு முழம் அளவுக்கு, ஈரப் பெயிண்ட் மேல் சலித்த மரத்தூளைத் தூவி, காய்ந்ததும் உதறிவிட்டு, அதற்கு மேல் இன்னொரு கை பெயிண்ட் அடியுங்கள். வெல்வெட் ஒட்டலாம் என்பார்கள். இருட்டுக்கு அதுதான் உசத்தி, ஆனால் கடலோரத்தில் துணியும் பசையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் நான் அதை ஒட்டுவதில்லை.

திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் நைலான் வாஷர் போடுங்கள். எஃகுத் திருகு தப்பித்துக்கொண்டு பக்கத்து இரும்பை அரிக்கவிடும். துளைக்குள் துளி கிரீஸ் வையுங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். ராத்திரி குளிர்வதில் வெள்ளைக்கும் கருநீலத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சாயங்கால வெயிலில் மாடியில் வைத்தால் கருநீலம் அடுப்பாகும், உள்ளே காற்று அலைந்து சனி கிரகம் தண்ணீருக்கடியில் கிடப்பது போல் நெளியும். டியூபை வெள்ளையாக அடித்துவிட்டு, வளையங்களை மட்டும் பிள்ளைகள் கேட்கிற கருநீலத்தில் அடிக்கலாம். அலுமினிய வளையமாக இருந்தால் அதற்கு முதலில் உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு வாரம் டியூபை இரு வாயும் திறந்து காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிறகு தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாடை துளி அடித்தாலும் ஆடியைக் கொண்டுவர வேண்டாம், அந்த ஆவி கண்ணாடியில் போய்ப் படியும். வாடை போனபிறகு அரத்தால் வெட்டிய அடையாளங்களை நேர்பார்த்துப் பூட்டி, இரண்டு ஆடிகளையும் புதிதாக நேர்செய்ய வேண்டும். பழைய நேர் கட்டாயம் தப்பியிருக்கும்.